சனியைப் பார்க்கப் போய் மேகத்தைப் பார்த்த கதை

அக்டோபர் 5, 2024, சனிக்கிழமை: காவலூர்

பெரியப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். பஸ் டிக்கெட்டில் உள்ள தொகை, மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, ஹோட்டல் பில் என்று எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் படிப்பார். முப்பத்தைந்து வருடம் கிராமத்துப் பள்ளிகளில் அறிவியல் வாத்தியார். டிசம்பரில் முழங்கால் ஆபரேஷன் என்று தேதி கொடுத்ததும் எனக்குப் போன் செய்தார். "வானத்த ஆராயற எடம் காவலூர், ஊட்டி, கொடைக்கானல்னு போர்டுல எழுதிப் போட்டே ரிட்டயர் ஆயிட்டேன் கண்ணு. காவலூருக்காவது ஒருதரம் பசங்கள கூட்டிட்டுப் போனேன். மத்த ரெண்டையும் கண்ணால பாத்ததில்ல."

வங்கியில் ஐந்து நாள் லீவு சொன்னேன். ஆயுத பூஜை வாரத்தில் லீவா என்று மேனேஜர் முகத்தைச் சுளித்தார். சரி, அது என் பாடு.

வாணியம்பாடியில் மதியம் பிரியாணி, 170 ரூபாய். கூட வந்த கத்தரிக்காய் பச்சடிக்காகவே இன்னொரு தட்டு சொல்லலாம் போலிருந்தது. ஆலங்காயம் தாண்டியதும் பஸ் ஜவ்வாது மலையில் ஏறத் தொடங்கியது. காவலூர் ஒன்றும் பெரிய உயரமில்லை, 725 மீட்டர்தான். அங்கே காடும் இருட்டும்தான் விசேஷம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென்வானத்தையும் நிறையப் பார்க்கலாம். வானியலாளர் வைணு பாப்பு 1960களின் கடைசியில் இந்த இடத்தைப் பிடித்தது அதற்காகத்தான். அவர் பெயரை வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே அதுதான் பெரியது. பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே இறந்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். பெரிய குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பெரியப்பா என்னை இழுத்துக்கொண்டு போனது அதைவிடச் சின்ன ஒரு மீட்டர் தொலைநோக்கி இருக்கும் பக்கம்.

"இதுதான் கண்ணு விஷயமே. 1977 மார்ச் 10 ராத்திரி. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால போகப் போகுது, நட்சத்திரம் மறையும், அத அளக்கலாம்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. யுரேனஸ் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே நட்சத்திரம் சில நொடி மங்கிட்டுத் திரும்ப வந்துடுச்சு."

இங்கே அதைப் பதிவு செய்தவர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். யுரேனஸுக்கு ஒரு புது நிலா என்று நினைத்து அப்படியே எழுதி அனுப்பினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்த அமெரிக்கக் குழு, யுரேனஸுக்கு முன்னால் ஐந்து தடவை, பின்னால் ஐந்து தடவை நட்சத்திரம் மங்கியதைப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கினால் அது நிலாவாக இருக்க முடியாது. வளையம். சனிக்கு மட்டும்தான் வளையம் என்று அதுவரை பாடப்புத்தகத்தில் இருந்தது.

"ரெண்டு வருஷம் நானே தப்பா நடத்திட்டேன். புஸ்தகம் மாறலியே" என்றார். இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

இங்கிருந்து 1988-ல் கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அதற்காக வானத்தைத் துழாவிய திட்டத்துக்கு 'கல்கி' என்று பெயர் வைத்திருந்தார்களாம். எனக்கு இந்தத் தகவல்தான் அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சாயங்காலம் சின்னத் தொலைநோக்கியில் சனி கிரகத்தைக் காட்டுவார்கள். நாங்கள் வந்ததே அதற்குத்தான். இந்த வருடம் வளையம் ஒல்லியாகத் தெரியும், அடுத்த மார்ச்சில் விளிம்பைக் காட்டித் திரும்பி ஏறக்குறைய மறைந்தே போகும், இப்போது விட்டால் காத்திருக்க வேண்டும் என்று பெரியப்பா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தரைக்கு மேற்கில் ஒரு மேகம் வந்தது. ஆறரைக்கு வானம் முழுக்க மேகம். ஏழு மணிக்குத் தூறல். தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் குடை விரித்து எங்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. அந்த வீட்டுப் பையன், "அங்கிள், மேகத்தைத் தாண்டித் தெரியாதா?" என்று கேட்டான். பெரியப்பா பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார் போல.

எட்டரை வரை நின்றதில் கடைசி பஸ் போய்விட்டது. இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு. அரை மணி நேரம் கழித்து சாமை மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்தது. டிரைவர் பெரியப்பாவை முன்னால் உட்கார வைத்தார். நான் பின்னால் மூட்டை மேல். ஆலங்காயத்தில் இறங்கிப் பணம் நீட்டினால் வாங்கவில்லை. "வாத்தியாருன்னு சொன்னீங்களே, பெறவு எப்படி வாங்கறது?" என்றார். ஆளில்லாத கடையில் ஆறிப்போன பரோட்டா. அப்படியும் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஜோலார்பேட்டையிலிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், ஊட்டி பஸ். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் ஏறி வந்து தண்ணீர் பாட்டில்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று தெரிந்தும் பையில் இரண்டு வைத்திருந்தது என் தப்பு. பெரியப்பாவின் பித்தளைச் சொம்பைப் பார்த்து அந்த அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். ஊட்டியில் இறங்கியபோது 14 டிகிரி. ரூம் 1,400 ரூபாய், வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும்.

அக்டோபர் 7, திங்கள்: முத்தொரை

நேற்றிரவே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டேன். முத்தொரை ரேடியோ தொலைநோக்கியை உள்ளே போய்ப் பார்க்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். நான் எழுதுகிறேன் என்று ஆகஸ்டில் சொன்னேன், மறந்துவிட்டேன். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அது ஒளித்து வைக்கிற சாமானா? அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 530 மீட்டர். முத்தொரை பாலாடா பஸ்ஸில் போனால் ரோட்டிலிருந்தே தெரியும் என்றார்கள். இறங்கிப் பார்த்தோம். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கேரட் வயல், உருளைக்கிழங்கு வயல், எதிரே மலைச்சரிவில் வரிசையாக இரும்புச் சட்டங்கள். இருபத்து நான்கு ராட்சத முறங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சாய்த்து வைத்த மாதிரி. அதுவும் வெறும் விளிம்பு மட்டும் உள்ள முறங்கள், உள்ளே ஒன்றுமில்லை. சட்டங்களுக்கு ஊடே பின்னால் இருக்கிற யூகலிப்டஸ் மரங்கள் அப்படியே தெரிகின்றன.

"ரிப்பேரா பெரியப்பா? தகடெல்லாம் கழட்டி வெச்சிருக்காங்க?"

அவருக்கு இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. தகடே கிடையாதாம். சட்டத்துக்குச் சட்டம் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறது. மொத்தம் 1100 கம்பிகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் கூடக் கிடையாது. கம்பிக்குக் கம்பி மூன்று சென்டிமீட்டர் போல இடைவெளி. இந்தத் தொலைநோக்கி பிடிக்கிற ரேடியோ அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு அந்தச் சந்து கண்ணிலேயே படாது, முழுச் சுவரில் பட்ட மாதிரி திரும்பிவிடும். காற்று மட்டும் உள்ளே புகுந்து போகும். மலைக்காற்றில் இத்தனை பெரிய சாமான் நிற்பதற்கு அதுவும் ஒரு வசதி. அப்புறம் வெயில் ஒரு கோணத்தில் விழுந்தபோது கம்பிகள் ஒரு நொடி பளிச்சென்று மின்னின. உடனே மறைந்தும் போயின. மறுபடி வெறும் சட்டம்.

கோவிந்த் ஸ்வரூப் என்பவர் யோசித்துக் கட்டியது, 1970-ல் முடிந்தது. ஊட்டி எதற்கு என்று கேட்டேன். பெரியப்பா உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். இந்த இடத்தின் அட்சரேகை பதினொரு டிகிரிச் சொச்சம். வடக்கு தெற்காக அதே பதினொரு டிகிரி சரிகிற ஒரு மலையைத் தேடிப் பிடித்து அதன் மேல் படுக்க வைத்துவிட்டார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சும் பூமியின் அச்சும் ஒரே திசை. பூமி ஒரு பக்கம் சுற்ற, இது அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் புரண்டால் போதும், ஒரே பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விலை கூடின இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மலை செய்துகொடுக்கிறது. வீட்டு வாசல்படி உயரத்துக்கு ஏற்ற மாதிரி திண்ணை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திண்ணைக்கு ஏற்ற மலை தேடியவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கேரட் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. இருபது ரூபாய் டீ. கடைக்கார அம்மாள் படுக மொழியில் யாருடனோ போனில் பேசிக்கொண்டே எங்களுக்கு ஒரு கேரட்டைக் கழுவி நீட்டினார். மண் வாசனை போகாத கேரட். "அது நகருமா அக்கா?" என்று தொலைநோக்கியைக் காட்டிக் கேட்டேன். "காலைல ஒரு பக்கம் பாக்கும், சாயந்திரம் ஒரு பக்கம் பாக்கும். நகர்றத நா பாத்ததில்ல" என்றார். இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

அந்தத் தொலைநோக்கி ஆரம்ப வருடங்களில் பார்த்தது எதை என்பதில்தான் பெரியப்பாவுக்குக் குஷி. மறுபடியும் மறைப்பு! நிலா நகரும்போது ரேடியோ அலை விடுகிற தூரத்து கேலக்சிகளை மறைக்கும். சட்டென்று மறைந்தால் அது சின்னது, மெதுவாக மங்கினால் பெரியது. இப்படி நிலாவையே கத்தி மாதிரி வைத்து நூற்றுக்கணக்கான கேலக்சிகளின் அளவை எடுத்தார்கள். பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கட்சிக்கு எதிராக, பெருவெடிப்புக் கட்சிக்குச் சாதகமாக, 1975-ல் ஊட்டியிலிருந்து அந்தக் கணக்கு போனது.

"மறைக்கிறது எதிரின்னு நெனச்சோம் இல்ல, சனிக்கிழமை?" என்றார். இதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்று மணிக்கு இடி. மழை என்றால் வயல் தெரியாத மழை. டீக்கடைக்குள் எட்டுப் பேர், ஒரு நாய். கரெண்ட் போய்விட்டது. பஸ் வரவில்லை. ஒவ்வொரு இடிக்கும் அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா இருட்டில் பாடம் நடத்தத் தொடங்கினார், கேட்க எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்களே.

விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தில் மோதி மியூவான் என்ற துகள்கள் மழையாகப் பொழிகின்றன. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்றாவது விழும், தெரியாது. இதே ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் அவற்றை எண்ணிக்கொண்டே இருக்கிறது. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஒரு இடி மேகம் மேலே வந்து நின்றபோது அந்தத் திசையிலிருந்து வரும் மியூவான் இரண்டு சதவீதம் குறைந்தது. மியூவானுக்கு மின்னேற்றம் உண்டு, மேகத்தில் உள்ள மின்சாரம் அதைத் தடுக்கிறது. எவ்வளவு மின்சாரம் இருந்தால் இவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். 130 கோடி வோல்ட். அதற்கு முன்னால் பலூன் விட்டு அளந்ததெல்லாம் 13 கோடியைத் தாண்டவில்லை. இடி மேகத்தில் நூறு கோடி வோல்ட் அளவுக்கு இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற விஞ்ஞானி 1920களிலேயே சொல்லியிருந்தார். அளந்து காட்டியது ஊட்டி. 2019-ல் வெளியானது.

"நம்ம வீட்டுக்கு வர்றது எவ்வளவு சார்?" என்று மூட்டை தூக்குகிற ஒருவர் கேட்டார்.

"230."

"அதுவே ஒழுங்கா வர்றதில்ல" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு.

ராத்திரி ரூமில் பெரியப்பா இன்னொன்று சொன்னார். அந்த மியூவான் கருவி முழுக்க ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள், 3712. அந்தக் குழாய்கள் முதலில் கோலார் தங்கவயலில் தரைக்கு அடியில் வேறொரு ஆராய்ச்சிக்கு வைத்திருந்தவை. எங்கள் தாத்தா கோலாரில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். இருமியே செத்தார். அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-ல் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்ற துகளைப் பிடித்தார்கள். "அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஏதோ சயின்ஸ் ஆளுங்க வர்றாங்க, சத்தம் போடாம போவாங்கன்னு சொல்லுவாரு" என்றார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டார்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஊட்டி, கோவை, உடுமலை, பழநி, கொடைக்கானல். நாள் முழுக்க பஸ். பழநியில் பஞ்சாமிர்தம் வாங்கினோம். கொடை ஏறும் வழியில் பின் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்து என் செருப்பு போய்விட்டது. மேலே 280 ரூபாய்க்கு ஒரு ரப்பர் செருப்பு.

அக்டோபர் 9, புதன்: கொடைக்கானல்

சூரிய ஆய்வகத்துக்கு ஏரியிலிருந்து நடந்தே போய்விடலாம் என்றது யோசனை இல்லாத வேலை. முழங்கால் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஆட்டோ 200 ரூபாய். மேலே போனால் மூடுபனி. குவிமாடம் பத்தடி தூரத்தில் இருந்தும் பாதிதான் தெரிந்தது. சூரியனைப் பார்க்க வந்தவர்களுக்குச் சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

இங்கே இந்த ஆய்வகம் வந்ததே மேகத்தால்தான், இன்னும் சரியாகச் சொன்னால் மேகம் வராததால். தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு நடந்த விசாரணையில், சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ, சூரியனைத் தினமும் படம் பிடிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மைக்கி ஸ்மித் என்ற வானியலாளர் நீலகிரியில் கோத்தகிரியையும் இங்கே கொடைக்கானலையும் ஒப்பிட்டுப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார். சென்னையிலிருந்து வேலை இங்கே மாறியது 1899-ல். புள்ளியை வைத்து மழை சொல்ல முடியவில்லை, அது வேறு கதை. வெள்ளைக்காரர்கள் தானியத்தை ரயிலேற்றி வெளியே அனுப்பிய கையோடு சூரியன் மேல் பழி போட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது. பெரியப்பா மறுக்கவில்லை. "ஆனா படம் மிச்சம் இருக்கு பாரு" என்றார். நூறு வருடத்துக்கும் மேலான சூரியப் படங்கள், உலகத்தில் இந்த மாதிரித் தொடர்ச்சியாக வைத்திருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

மதியம் வரை பனி விலகவில்லை. பிரெட் ஆம்லெட், மிளகாய் பஜ்ஜி, திரும்பிவிட்டோம்.

அக்டோபர் 10, வியாழன்

காலை வெயில்! ஆட்டோக்காரர் நேற்றைய ஆள்தான், 150 போதும் என்றார்.

பதினொரு மீட்டர் கோபுரத்தின் உச்சியில் இரண்டு கண்ணாடிகள் சூரியனைப் பிடித்துக் கீழே தள்ளுகின்றன. அங்கிருந்து அறுபது மீட்டர் சுரங்கம். காட்சி அறையில் அந்த நேரத்துச் சூரியனையே காட்டுகிறார்கள். வெள்ளைத் தட்டு மாதிரி, அதன் மேல் அங்கங்கே மை தெறித்த மாதிரி புள்ளிகள். நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒன்று நன்றாகவே பெரியது. உற்றுப் பார்த்தால் அது வெறும் கறுப்பு இல்லை. நடுவில் கறுப்பு, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கரை. படம் லேசாக நடுங்குகிறது, கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி. பெரியப்பா பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். அங்கே இருந்த ஊழியர், "சார், பெரிசு பண்ணித்தான் காட்டுறோம்" என்றார், பணிவாகத்தான். இவர் கேட்கவில்லை.

அந்தச் சாம்பல் கரையைத்தான் ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஒளியைப் பிரித்தால் வரும் கறுப்புக் கோடுகள் அந்தக் கரையில் மட்டும் வளைந்திருந்தன. ஒரு பக்கம் ஊதாவை நோக்கி, மறுபக்கம் சிவப்பை நோக்கி. கிட்டே வருகிற ரயிலின் ஊதல் சத்தமும் விலகுகிற ரயிலின் ஊதலும் மாறிக் கேட்பது மாதிரி. அப்படியென்றால் புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது, நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

ஊழியர் எங்களிடம் அந்தப் பெரிய புள்ளியைக் காட்டி, நேற்றுக் காலை அதிலிருந்து பெரிய வெடிப்பு ஒன்று கிளம்பியது என்றார். நேற்றுக் காலை நாங்கள் கீழே பனியில் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பெரியப்பா தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கை காட்டினார். மஞ்சளாக, மினுக்காமல் ஒரு புள்ளி. சனி. வளையமெல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 11, வெள்ளி: வீடு

ஆயுத பூஜை. வழியில் பார்த்த பஸ்ஸிலெல்லாம் வாழைக்கன்று. பெரியப்பா வீட்டில் இறங்கினோம். பெரியம்மா கொண்டைக்கடலை சுண்டல் வைத்திருந்தார், எனக்கு மூன்று கிண்ணம்.

சாயங்காலம் போனில் ஒரு படம் வந்தது. லடாக்கில் ஹன்லே, கொடைக்கானலையும் காவலூரையும் நடத்துகிற அதே வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம், 4,500 மீட்டர் உயரம். நேற்று இரவு அங்கே வானம் சிவந்திருக்கிறது. வழக்கமாகத் துருவத்துப் பக்கம் வருகிற ஒளி. புதன்கிழமை அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பியது வந்து சேர்ந்துவிட்டது.

பெரியப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சட்டைப் பையைத் தடவினார். காலியாக இருந்தது. சாமி படத்துக்கு முன்னால், பழைய பாடப்புத்தகங்களுக்கு மேல், குங்குமம் வைத்துப் பூதக்கண்ணாடி இருந்தது.

"அதத் தொடக் கூடாது. நாளைக்குப் பூஜை முடிஞ்சுதான்" என்றார் பெரியம்மா, அடுப்படியிலிருந்தே.